"கேன்சர் வைரஸ்" ரத்த டெஸ்ட் பேக்கேஜ், அப்புறம் தில்லைநகர் எண்டோஸ்கோப்பி சென்டர் – எங்க அனுபவம்

ரெண்டு இடத்தப் பத்தியும் சேத்தே எழுதுறேன், ஏன்னா ஒரு இடத்துல பட்டது தான் எங்கள இன்னொரு இடத்துக்கு கூட்டிட்டு போச்சு. முதல் இடம், ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற ஒரு லேப், அவங்களோட "கேன்சர் வைரஸ் ஸ்க்ரீனிங்" பேக்கேஜ், 3,999 ரூபா. ரெண்டாவது திருச்சி தில்லைநகர்ல இருக்குற ஒரு எண்டோஸ்கோப்பி சென்டர், அதாவது வாய் வழியா கேமரா குழாய விட்டு வயித்துக்குள்ள பாக்குற இடம். பேரு ரெண்டுக்குமே போடல. இந்த மாதிரி பேக்கேஜ இப்ப ஊருக்குள்ள நிறைய பேர் விக்கிறாங்க, எது வாங்குனாலும் இதே கதை தான் நடக்கும், அதனால விஷயத்த மட்டும் சொல்றேன். லேப்புக்கு 1 ஸ்டார், சென்டருக்கு 5 ஸ்டார். கொஞ்சம் நீளமா போகும், வயித்து பிரச்சனை இருக்குறவங்க வீட்ல இருந்தா பொறுமையா படிங்க.

எங்க அப்பாவுக்கு 58 வயசு. ஆறு மாசமா நெஞ்செரிச்சல், சாப்ட உடனே வயிறு கல்லு மாதிரி ஆயிடுது, ஏப்பம். மெடிக்கல்ல கேட்டு வாங்குற கேஸ் மாத்திரை ஒண்ண காலையில வெறும் வயித்துல போட்டுட்டு வேலைக்கு போயிடுவார். சாதாரணமா இருந்தா நாங்களும் கண்டுக்காம விட்ருப்போம், ஆனா எங்க வீட்ல அப்படி விட முடியாது, ஏன்னா பெரியப்பா 2023ல வயித்து கேன்சர்ல தான் போனார். அவர் பயாப்ஸி ரிப்போர்ட்ல, அதாவது வயித்துல இருந்து எடுத்த துண்ட டெஸ்ட் பண்ண ரிப்போர்ட்ல, கடைசி வரியில "ஈபர் பாசிட்டிவ்"னு இருந்துச்சு. எப்ஸ்டீன்-பார்னு ஒரு வைரஸ், சுருக்கமா இபிவி, அது கேன்சர் செல்லுக்குள்ள இருக்கான்னு சாயம் போட்டுப் பாக்குற டெஸ்ட் தான் ஈபர். அப்ப எங்களுக்கு யாரும் இத விளக்கமா சொல்லல. "ஏதோ வைரஸ் இருக்காம், எச்சில்ல பரவுமாம்"னு யாரோ நெட்ல பாத்து சொன்னது மட்டும் வீடு பூரா பரவிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு இன்னிக்கும் ஆறல. லால்குடி வீட்ல பெரியம்மா அவருக்குன்னு ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு தட்டு தனியா எடுத்து வெச்சாங்க, டம்ளர் அடியில ஆணியால சின்னதா ஒரு கோடு போட்டு, மத்த டம்ளரோட கலந்துடக் கூடாதுன்னு. பேரப் புள்ளைங்கள கிட்ட விடல. அவங்க மேல கோவம் இல்ல, புள்ளைங்களுக்கு எதுவும் ஆயிடக் கூடாதுங்கிற பயம் தான். ஆனா பெரியப்பா அந்த கோட்டப் பாத்துட்டே தான் கஞ்சி குடிச்சார்.

அப்பாவுக்கு வயிறு சரியில்லன்னதும் எல்லாருக்கும் அந்த டம்ளர் தான் ஞாபகம் வந்துச்சு. பெரியப்பாவும் அப்பாவும் ஒரே தட்டுல சாப்ட்டு வளந்தவங்க, அப்ப இவருக்கும் ஒட்டியிருக்குமான்னு அம்மா ராத்திரி தூங்காம கேட்டுட்டே இருந்தாங்க, அந்த நேரத்துல தான் போன்ல அந்த லேப் விளம்பரம் வந்துச்சு, "வைரஸால் வரும் கேன்சரை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள்"னு போட்டு வயித்து படமும் இருந்துச்சு, நான் யோசிக்காம புக் பண்ணிட்டேன்.

ரத்தம் எடுக்க வந்த தம்பி நல்ல பையன், சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒரே குத்துல எடுத்தார், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. அடுத்த நாள் சாயங்காலம் வாட்ஸப்ல பிடிஎஃப் வந்துச்சு. இபிவி ஐஜிஜி (அந்த கிருமி எப்பவாவது உடம்புக்குள்ள வந்திருந்தா ரத்தத்துல இருக்குற ஆன்டிபாடி) பாசிட்டிவ், செவப்பு எழுத்து, பக்கத்துல மேல பாக்குற அம்புக்குறி. வயித்துல இருக்குற எச் பைலோரிங்கிற கிருமிக்கான ஐஜிஜி ஆன்டிபாடியும் பாசிட்டிவ், அதுவும் செவப்பு. கீழ ஒரு பெட்டிக்குள்ள "இபிவி வயிற்றுப் புற்றுநோயுடன் தொடர்புடையது, உடனே எங்கள் நிபுணரை அணுகவும்". அம்மா அத படிச்சிட்டு அப்படியே கிச்சன்ல தரையில உக்காந்துட்டாங்க. அந்த "நிபுணர்" நம்பருக்கு போன் பண்ணா டாக்டர் யாரும் எடுக்கல, ஒரு பொண்ணு எடுத்து இதுக்கு அடுத்த லெவல் பேக்கேஜ் 8,000 ரூபா சொச்சம், குடும்பத்துல எல்லாருக்கும் சேத்து எடுத்தா டிஸ்கவுண்ட்னு சொன்னாங்க. இந்த ரிசல்ட்டுக்கு என்ன அர்த்தம்னு நாலு தடவ கேட்டேன், நாலு தடவையும் பேக்கேஜ் பத்தி தான் பதில். 1 ஸ்டார் அதுக்கு தான்.

அந்த செவப்பு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு தில்லைநகர் டாக்டர் தான் சொன்னார். உலகத்துல பெரியவங்கள 100 பேர எடுத்தா 90 பேருக்கு மேல இந்த இபிவி ஐஜிஜி பாசிட்டிவா தான் வரும். நம்ம பக்கமெல்லாம் சின்ன வயசுலயே, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சு, அம்மா ஊட்டிவிட்டு, அப்படியே வந்துடும், பெருசா எதுவும் தெரியாது, சளி காய்ச்சல் மாதிரி வந்து போயிருக்கும். வந்தா ஆயுசுக்கும் உடம்புல, வெள்ளை அணுவுல ஒரு வகை இருக்கு, பி செல்லுன்னு, அதுக்குள்ள அமைதியா இருக்கும். "இந்த வைரஸ் எனக்கும் இருக்கும், இந்த பொண்ணுக்கும் இருக்கும், வெளிய டோக்கன் போடுறவருக்கும் இருக்கும் சார், இத வெச்சு வயித்துல கேன்சர் இருக்கா வருமான்னு ஒண்ணுமே சொல்ல முடியாது"ன்னார். அப்பா மூஞ்சில ஒரு வாரத்துக்கு அப்புறம் அப்ப தான் ரத்த ஓட்டம் வந்த மாதிரி இருந்துச்சு.

ஆனா இபிவிக்கும் வயித்து கேன்சருக்கும் சம்பந்தமே இல்லன்னு அவர் சொல்லல, அதையும் சொல்லிடணும். சம்பந்தம் நிஜம் தான். வயித்து கேன்சர் 100 எடுத்தா கிட்டத்தட்ட 9, 10ல இந்த வைரஸ் கேன்சர் செல்லுக்குள்ளயே இருக்கு. 2014ல அமெரிக்காவுல கேன்சர் ஜீனோம் அட்லஸ்னு ஒரு பெரிய திட்டத்துல 295 பேரோட வயித்து கட்டிய ஜீன் வரைக்கும் பிரிச்சுப் பாத்து, வயித்து கேன்சர நாலு வகையா பிரிச்சாங்க, அதுல ஒண்ணு தனியா இபிவி வகை, 9 சதவீதம். அந்த வகையில கட்டியோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வைரஸ் இருக்கும், அதுவும் ஒரே வைரஸோட நகல். அப்படின்னா வைரஸ் முதல்ல ஒரு செல்லுக்குள்ள போயிருக்கு, அந்த ஒரு செல்லு தான் பெருகி கட்டியா ஆயிருக்கு. உள்ள போன வைரஸ் என்ன பண்ணுதுன்னா, செல்லு கண்டபடி பெருகாம பிடிச்சு வெக்கிற ஜீன்கள் இருக்குல்ல, அதுங்க மேல மெத்தில்னு ஒரு ரசாயன முத்திரை வரிசையா விழுந்து எல்லாம் பூட்டிக்குது. கண்ட்ரோல் பண்ற ஆளுங்கள எல்லாம் ரூமுக்குள்ள வெச்சு பூட்டுன மாதிரின்னு சொன்னார்.

வயித்து தோலுக்குள்ள இந்த வைரஸ் எப்படி போகுதுன்னும் கேட்டேன். வயிறு புண்ணாகி வீங்குனா அங்க வெள்ளை அணுங்க கூட்டமா வரும், அதுல சிலது இந்த வைரஸ சுமந்துட்டு வரும், வைரஸ் தனியா மிதந்து வந்தா வயித்து செல்லுக்குள்ள லேசுல போகாது, செல்லும் செல்லும் ஒட்டி உரசுறப்ப நல்லா தாவும்னு லேப்ல பண்ணிக் காட்டிருக்காங்களாம்.

பெரியப்பா கேஸ் ஃபைல நான் எடுத்துட்டு போயிருந்தேன். அவருக்கு 1993ல அல்சர் ஆபரேஷன், வயித்துல ஒரு பாதிய எடுத்துட்டு குடலோட சேத்து தைச்சிருந்தாங்க, அந்த காலத்துல அல்சருக்கு அது சகஜம். டாக்டர் அந்தப் பக்கத்தப் பாத்ததும் பேனாவ கீழ வெச்சிட்டார். வெட்டிட்டு மிச்சம் இருக்குற வயித்துல பல வருஷம் கழிச்சு கேன்சர் வந்தா, அதுல இபிவி இருக்குற வாய்ப்பு ரொம்ப அதிகமாம், கால் பங்குக்கு மேலன்னு கூட ஆய்வுகள்ல வந்திருக்கு. ஆம்பளைங்களுக்கு அதிகம், வயித்தோட மேல் பாகத்துல அதிகம், பெரியப்பாவுக்கு எல்லாமே அப்படியே பொருந்துச்சு. அவர் கேன்சர் யார் டம்ளர்லயும் வந்தது கிடையாது, யாருக்கும் அத அவர் குடுத்துருக்கவும் முடியாது, வைரஸ்னு பாத்தாலும் வீட்ல அனேகமா எல்லாருக்கும் அது ஏற்கனவே இருக்கும். இத கேட்டப்ப எனக்கு அந்த ரூம்லயே அழுகை வந்துடுச்சு, டாக்டர் ஒண்ணும் பேசாம டிஷ்யூ பாக்ஸ நகத்தி வெச்சார், அவசரப்படுத்தல, வெளிய 20 பேர் வெயிட்டிங்.

ஈபர் டெஸ்ட் பத்தி தெரியாதவங்களுக்கு, இது ரத்தத்துல பாக்குறது இல்ல. கேன்சர்னு உறுதியான அப்புறம் பயாப்ஸி துண்டுல பாக்குறது. மெழுகுல பதிச்ச துண்ட "பிளாக்"னு சொல்லுவாங்க, நம்ம சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கேஸட், ஓரத்துல பென்சில்ல நம்பர் எழுதியிருக்கும். பெரியப்பாவோட பிளாக்க செகண்ட் ஒப்பீனியனுக்கு நான் தான் நைட் பஸ்ல சென்னைக்கு கொண்டு போனேன், வெயில்ல மெழுகு உருகிடுமோன்னு கைக்குட்டையில சுத்தி பைக்குள்ள நடுவுல வெச்சுட்டு. அதுல இருந்து முடி மாதிரி மெலிசா சீவி கண்ணாடியில ஒட்டி, வைரஸோட ஆர்என்ஏவ தேடிப் போய் ஒட்டிக்குற சாயத்த ஊத்துவாங்க. வைரஸ் இருக்குற செல்லுல அந்த ஆர்என்ஏ லட்சக்கணக்குல இருக்குமாம், அதனால செல்லோட நடுப்பகுதி மட்டும் பளிச்சுன்னு கருநிறமா தெரியும். டாக்டர் கம்ப்யூட்டர்ல வேறொரு கேஸோட படம் காட்டினார், கட்டி செல்லு பூரா மை தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா, பக்கத்துல நல்ல வயித்து தோல் வெளுத்து சுத்தமா இருந்துச்சு. அந்த எல்லக் கோட்ட பாத்தவங்களுக்கு ரத்த டெஸ்டுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் மறக்கவே மறக்காது.

இந்த டெஸ்டால என்ன லாபம்னா, வைத்தியம் மாறலாம். இபிவி வகை கட்டிக்குள்ள வெள்ளை அணுங்க நிறைய புகுந்து கிடக்கும், கட்டி அதுங்கள செயல்பட விடாம தடுக்க பிடி-எல்1னு ஒரு புரதத்த மேல போத்திக்கும், அந்தப் போர்வைய எடுக்குறது தான் இம்யூனோதெரபி. 2018ல கொரியாவுல முத்திப்போன வயித்து கேன்சர் 61 பேருக்கு பெம்ப்ரோலிசுமாப்ங்கிற மருந்து குடுத்துப் பாத்ததுல, இபிவி இருந்த 6 பேருக்கும் கட்டி சுருங்குச்சு. 6 பேர் தான், சின்ன எண்ணிக்கை, அப்புறம் வந்த ஆய்வுகள்ல எல்லாருக்கும் அப்படி கேக்கல, மருந்து விலையும் நம்ம மாதிரி குடும்பத்துக்கு மலை மாதிரி. இருந்தாலும் வீட்ல யாருக்காவது வயித்து கேன்சர்னு வந்துட்டா, ஆங்காலஜிஸ்ட் (கேன்சர் டாக்டர்) கிட்ட "ஈபர், எம்எஸ்ஐ, ஹெர்2, பிடி-எல்1 பாத்தாச்சா"ன்னு ஆரம்பத்துலயே கேளுங்க, எந்த மருந்து சரிப்படும்னு பாக்க கட்டித் துண்டுல பண்ற டெஸ்டுங்க தான் இதெல்லாம். பெரியப்பாவுக்கு ஆபரேஷனும் கீமோவும் ஆரம்பிச்சு பல மாசம் கழிச்சு செகண்ட் ஒப்பீனியன்ல தான் ஈபர் பாத்தாங்க. அப்ப அவர் எழுந்து உக்காரவே ரெண்டு பேர் பிடிக்கணும்.

அந்த லேப் விளம்பரத்துல "இபிவி ரத்தப் பரிசோதனை மூலம் கேன்சர் கண்டுபிடிப்பு, ஆய்வில் நிரூபணம்"னு இன்னொரு வரியும் இருந்துச்சு, அதையும் டாக்டர் கிட்ட காட்டினேன். அது மூக்குக்குப் பின்னாடி தொண்டையில வர்ற வேற கேன்சருக்கு, தென் சீனா பக்கம் அது அதிகம், ஹாங்காங்ல 2017ல ஆயிரக்கணக்கான ஆம்பளைங்களுக்கு ரத்தத்துல இபிவியோட டிஎன்ஏவ பாத்து சீக்கிரமே கண்டுபிடிச்சாங்க, டெஸ்டே வேற, கேன்சரும் வேற. அத எடுத்து வயித்து படத்துக்குக் கீழ போட்ருக்காங்க. தெரிஞ்சே பண்ணாங்களோ தெரியாம பண்ணாங்களோ, ஒரு குடும்பம் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம கிடந்துச்சு.

சரி, சென்டர் பத்தி. முதல் தடவ போனப்ப எண்டோஸ்கோப்பி பண்ணாம திருப்பி அனுப்பிட்டாங்க, எனக்கு அப்ப கோவம் தான், இப்ப அதுக்கே தனியா ஒரு ஸ்டார் சேத்துக் குடுப்பேன். ரிசப்ஷன்லயே நர்ஸ் கேட்ட முதல் கேள்வி "கேஸ் மாத்திரை எப்ப கடைசியா போட்டீங்க?". அப்பா காலையில தான் போட்ருந்தார். டாக்டர் உள்ள கூப்ட்டு எடை குறைஞ்சிருக்கா, முழுங்க கஷ்டமா, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கருப்பா போகுதா, ரத்தம் குறைவா இருக்கான்னு ஒண்ணு ஒண்ணா கேட்டார், வயித்த அமுக்கிப் பாத்தார், ஹீமோகுளோபின் ரிப்போர்ட்ட பாத்தார். "இதுல ஒண்ணு இருந்தாலும் இப்பவே பண்ணிருவேன். எதுவும் இல்ல, அதனால மாத்திரைய நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. மாத்திரையோட பாத்தா எச் பைலோரி இருந்தாலும் இல்லன்னு காட்டிடலாம்." அன்னிக்கு பண்ணிருந்தா அவங்களுக்கு காசு, ஆனா பண்ணல.

ரெண்டு வாரம் அப்பா திண்டாடிட்டார், ஜெலுசில் மாதிரி கரைசல் மட்டும் குடிச்சுக்கலாம்னு விட்ருந்தாங்க. எண்டோஸ்கோப்பிக்கு முந்தின நைட்ல இருந்து சாப்பாடு கிடையாது. தொண்டைல மரத்துப்போற ஸ்ப்ரே, கசக்கும், எச்சில் முழுங்க வராத மாதிரி இருக்கும், பல்லுக்கு நடுவுல ஒரு வளையம், இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்கணும், அஞ்சாறு நிமிஷம். மயக்க ஊசி வேணும்னா போடுறாங்க, அப்பா வேண்டாம்னுட்டார், உமட்டல் இருந்துச்சு, நர்ஸக்கா தோள்ல கைய வெச்சுட்டு "மூக்கால மூச்சு விடுங்கண்ணே, அவ்ளோ தான் அவ்ளோ தான்"னு சொல்லிட்டே இருந்தாங்க. குழாய ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல கழுவி மருந்துல ஊற வெக்கிற இடம் கண்ணாடி வழியா தெரியுது, இது எனக்கு பெரிய நிம்மதி.

வயித்துல இருந்து கிள்ளி எடுத்த துண்டுல ஒண்ண மஞ்சளா ஜெல் இருக்குற ஒரு சின்ன கிட்ல போட்டாங்க. கிருமி இருந்தா ரோஸ் கலராகும்னாங்க. காபி வாங்கிட்டு திரும்பி வர்றதுக்குள்ள துண்ட சுத்தி ரோஸ் படர ஆரம்பிச்சிடுச்சு. அப்பாவுக்கு இருந்தது எச் பைலோரி. இது வைரஸ் கிடையாது, பாக்டீரியா, மருந்துல ஒழிச்சிடலாம். ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல்னு ஒரு டாக்டர் 1984ல இத வளர்த்து தானே குடிச்சு வயித்து உள்தோல் வீங்கி அழற்சி வந்தத நிரூபிச்சார், அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல நோபல் குடுத்தாங்க. கேன்சர் வரவைக்கிற கிருமின்னு 1994லயே உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சி பிரிவு பட்டியல்ல போட்டுடுச்சு. உலகத்துல வயித்து கேன்சர்ல பெரும் பங்கு இதால தான், நம்ம நாட்டுல பாதிக்கு மேல பேர் வயித்துல இது இருக்கு, அதுல ரொம்ப கொஞ்ச பேருக்கு தான் கேன்சர் வரைக்கும் போகும். லேப் பேக்கேஜ்ல இதுவும் செவப்பா தான் இருந்துச்சு, ஆனா அந்த ஆன்டிபாடி எப்பவோ வந்து போயிருந்தாலும் பாசிட்டிவ் காட்டும், இப்ப இருக்கான்னு பாக்க மூச்சு டெஸ்ட், மல டெஸ்ட், இல்ல இந்த ரோஸ் கலர் கிட் தான் சரி.

வைத்தியம் 14 நாள், பிஸ்மத் சேத்து நாலு மருந்து, வாய் பூரா இரும்ப சப்புன மாதிரி ருசி, நாலாம் நாள் அப்பா நிறுத்திடலாமான்னு கேட்டார், பாதில விட்டா கிருமி மருந்துக்கு பழகிடும்னு சொல்லி இழுத்துப் பிடிச்சோம். கிளம்புறப்பவே நர்ஸக்கா கூப்ட்டு சொன்னாங்க, "இந்த மாத்திரைக்கு மலம் கருப்பா போகும், பயந்துடாதீங்க, நிறுத்துனா சரியாகிடும்"னு. டாக்டர் கருப்பா போகுதான்னு அத்தன தடவ கேட்டிருந்தார்ல, இத அவங்க சொல்லாம விட்ருந்தா நாங்க அடுத்த நாளே ஆட்டோ பிடிச்சு ஓடியிருப்போம்.

எண்டோஸ்கோப்பி, பயாப்ஸி, கிட், கன்சல்டேஷன் எல்லாம் சேத்து 4,800 ஆச்சு. பயாப்ஸி ரிப்போர்ட் அஞ்சு நாள், எச் பைலோரி புண்ணு, கேன்சர் செல் எதுவும் இல்ல. குறைன்னு பாத்தா வெயிட்டிங் ரொம்ப, 8 மணி டோக்கனுக்கு 10:30 ஆயிடுது, பட்டினியோட வர்ற சுகர் பேஷண்டுங்க கஷ்டப்படுறாங்க, அவங்கள முதல்ல விடலாம். லிஃப்ட் அடிக்கடி நிக்குது. வண்டி நிறுத்த இடம் இல்ல, கிராஸ் ரோட்ல விட்டுட்டு நடக்கணும்.

அந்த வாரமே லால்குடி போய் பெரியம்மா கிட்ட டாக்டர் சொன்னத அப்படியே சொன்னேன், கேன்சர் யாருக்கும் யார் கிட்ட இருந்தும் ஒட்டலன்னு. கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம் "இத அப்பவே ஒருத்தர் சொல்லிருந்தா புள்ளைங்கள மடில விட்ருப்பேனே பாப்பா"ன்னாங்க.

எடிட்: மருந்து முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு, மறுபடி கேஸ் மாத்திரைய ரெண்டு வாரம் நிறுத்திட்டு, நேத்து மூச்சு டெஸ்ட் எடுத்தோம். ஒரு கேப்சூல் முழுங்கி பத்து நிமிஷம் கழிச்சு சின்ன கார்டுல ஊதணும், ஆரஞ்சு மஞ்சளாகுற வரைக்கும். நெகட்டிவ். எரிச்சல் முக்கால்வாசி இல்ல. லேப்ல இருந்து "உங்கள் குடும்பத்துக்கு 20% தள்ளுபடி"ன்னு இன்னிக்கும் மெசேஜ் வருது, பணத்த திருப்பிக் கேட்டு போட்ட மெயிலுக்கு தான் பதில் இல்ல.